ஒன்பது குழித் தட்டு

முன்னொரு காலத்தில், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாத ஒரு ராஜா இருந்தார். சிம்மாசனத்தில் ஏறுவார், இறங்குவார், ஜன்னலுக்கு ஓடுவார், திரும்பி வருவார். கையும் சும்மா இராது. கொட்டைப்பாக்கோ குன்றிமணியோ, எது அகப்பட்டாலும் விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருப்பார். இவரிடம் வேலை பார்ப்பதற்கு நாள் முழுக்க வெயிலில் நிற்கலாம்.

அவர் அரண்மனையில் ஒன்பது குழி வைத்த வெள்ளித் தட்டு ஒன்று இருந்தது. குழிக்கு ஒன்றாக நவமணிகள். திருஷ்டி பட்டுவிடும் என்று பட்டுத்திரைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். தினமும் காலையில் ஒரு கைதட்டும் நேரம் மட்டும் திரை விலகும். காவலன் மாசானம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி" என்பான். உடனே திரையை மூடிவிடுவார்கள்.

ஒருநாள் மாசானம் அப்படிச் சொல்லிவிட்டுப் போன சற்று நேரத்தில், ராஜாவுக்குத் தட்டைச் சபையில் வைத்துப் பார்க்க ஆசை வந்தது. கொண்டுவந்தார்கள். மாணிக்கத்தின் குழி காலி!

"கண்ணால் பார்த்தவன் எப்படிச் சரி என்றான்? திருடன் அவன்தான்! பொழுது சாய்வதற்குள் அவன் கண்களைப் பிடுங்குங்கள்!" என்று ராஜா குதித்தார்.

சபையின் விகடனான தாண்டவன் மாசானத்துக்கு அக்காள் கணவன். அவன் முன்னால் வந்து கைகூப்பினான்.

"மகாராஜா, ஒரு கைதட்டில் மனிதக் கண் மூன்று நான்கு பொருளைத்தான் பிடித்து வைக்கும். மிச்சத்தைப் பழக்கம் நிரப்பிவிடும். அவன் பொய் சொல்லவில்லை."

தாண்டவனைக் கண்டாலே பிரதானி திரியம்பகருக்கு ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மைத்துனனுக்காகப் பேசுகிறான், அரசே! கண் என்ன உழக்கா, நிரம்பி வழிவதற்கு? ஒருமுறை பார்த்து ஒன்பதையும் நான் சொல்கிறேன். சொல்லிவிட்டால் இவன் கண்களும் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்! தாண்டவா, காலிக் குழியோடு கொண்டுவராதே. எதையாவது வைத்து நிரப்பு. சீக்கிரம், சீக்கிரம்!"

தாண்டவன் தட்டோடு உள்ளே ஓடினான், வந்தான், திரைக்குப் பின்னால் வைத்தான். கை தட்டினார்கள். திரை விலகி மூடியது.

"முத்து, வைரம், புஷ்பராகம்..." என்று தாமும் சொல்லிப் பார்த்து ராஜா விழித்தார். "அப்புறம் ஏதோ பச்சையாக..."

பிரதானி மூச்சே விடவில்லை. "மாணிக்கம், முத்து, பவளம், மரகதம், புஷ்பராகம், வைரம், நீலம், கோமேதகம், வைடூரியம்!"

சபை ஆரவாரித்தது. மாசானம் கண்களை இறுக மூடிக்கொண்டான். தாண்டவன் திரையை முழுதாக இழுத்துவிட்டான்.

மாணிக்கத்தின் குழியில் மாதுளை விதை. பவளத்துக்குப் பதில் காய்ந்த மிளகாய்த் துண்டு. மரகதம் இருந்த இடத்தில் சுண்டைக்காய், நீலம் இருந்த இடத்தில் நாவல்பழம்.

"எதையாவது வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன்," என்று மடியிலிருந்த மணிகளை எடுத்து நீட்டினான் தாண்டவன். "காணாமல் போன மாணிக்கத்தையும் சேர்த்துச் சொன்னாரே, சபையும் ஆரவாரித்ததே! பிரதானி பார்த்ததைச் சொல்லவில்லை, மனப்பாடத்தைச் சொன்னார். மாசானம் செய்ததும் இதுதான்."

"அப்படியானால் என் மாணிக்கம் எங்கே?" ராஜா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"தங்கள் விரலிடுக்கில், மகாராஜா. காலையில் தட்டுப் பக்கம் உலாவியபோதே எடுத்திருப்பீர்கள். அதை உருட்டிக்கொண்டேதான் தீர்ப்பும் சொன்னீர்கள்."

ராஜா கையை விரித்தார். மாணிக்கம் மின்னியது.

"இத்தனை பேர் காணாததை நீ மட்டும் எப்படியடா கண்டாய்?"

"எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். நான் தங்கள் கையைப் பார்த்தேன். அது எப்போது கொடுக்கும், எப்போது அடிக்கும் என்று தெரியாமல் பிழைக்கிறவன் ஆயிற்றே!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மாசானத்தை விடுவித்தார். தம் கழுத்து ஆரத்தைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். "திரியம்பகரே, நாளை முதல் காலையில் தட்டைப் பார்க்கும் வேலை உம்முடையது. தவறினால் தண்டனை என்னவென்று உமக்கே தெரியும்," என்றார். பிரதானிக்கு வியர்த்துக் கொட்டியது.

சிரிப்பு அடங்குவதற்குள் ராஜாவின் விரல்கள் தட்டுக்குப் போய், மிளகாய்த் துண்டை எடுத்து உருட்ட ஆரம்பித்துவிட்டன. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வேறு கட்டியிருந்தது. துடைப்பதற்காகக் கையைத் தூக்கினார்.

"மகாராஜா!" என்று அலறிக்கொண்டே பாய்ந்தான் தாண்டவன்.