மேல் மூட்டை

விருதுநகர்ப் பக்கம் ஒரு பருப்புக் கிட்டங்கி. மூட்டை தூக்க மூன்று பேர்: கொடிமுத்து, சங்கையா, பேச்சியப்பன். உடம்பில் தெம்பு உண்டு. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

சங்கையாவுக்குக் காலில் புண். இரண்டு மாதமாக ஆறவில்லை. முதலாளி பயந்துபோய் டாக்டரம்மாவைக் கிட்டங்கிக்கே வரவழைத்தார். சர்க்கரை பார்க்க எல்லாரும் ரத்தம் கொடுக்கணும் என்றார் அவர்.

"எல்லாருமா?" என்றான் பேச்சியப்பன். "நூறு மூட்டை வந்தா நூறையுமா குத்திப் பாக்குறோம்? மேல் மூட்டையில ஒரு குத்து, ஒரு பிடி பருப்பு. மொத்த லாட்டுக்கும் அதான் சாம்பிள்."

"நம்மள்ல எதுடா மேல் மூட்டை?" என்றான் கொடிமுத்து.

சுவரோரம் நின்று அளந்தார்கள். கொடிமுத்து அரைச் சாண் கூடுதல் உயரம்.

"புண்ணு எனக்குல்லடா" என்றான் சங்கையா.

"நீ அடி மூட்டை. பேசாத."

கொடிமுத்து மூன்று தடவை வரிசையில் நின்று, மூன்று பேர் பெயரிலும் ரத்தம் கொடுத்தான். சட்டைகூட மாற்றவில்லை. கூட வந்த நர்ஸ் நிமிர்ந்தால்தானே.

"மூணு பேருக்கும் சர்க்கரை நூத்தி அறுபதா! அச்சு அசலா ஒண்ணு போல இருக்கே!" என்றார் டாக்டரம்மா.

"கலப்படமில்லாத லாட்டும்மா" என்றான் பேச்சியப்பன்.

தட்டில் பாதி காய், கைப்பிடி சோறு, தினம் அரை மணி நடை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொடிமுத்து மூன்று பேர் காயையும் தின்றான். ஒன்றரை மணி நேரம் நடந்தான். அவன் சோறு வீணாகலாமா? மற்ற இருவரும் தின்றார்கள். சங்கையா உட்கார்ந்த இடத்திலிருந்தே விரட்டினான்: "வீசி நடடா, எனக்குக் கால் வலிக்குது!"

அடுத்த மாதமும் கொடிமுத்துவே ரத்தம் கொடுத்தான். மூன்று பேருக்கும் சர்க்கரை நூறு. லாட் பாஸ். ஆளுக்கொரு ஜாங்கிரி தின்றார்கள். கொடிமுத்து மட்டும் வெள்ளரிக்காய்.

சங்கையா நொண்டுவதை டாக்டரம்மா பார்த்துவிட்டார். அங்கேயே விரலில் குத்தினார். முந்நூற்று எண்பது.

"காலே போயிரும்யா! இன்னிக்கே பெரியாஸ்பத்திரியில சேரணும். ஓர் அடி நடக்கக் கூடாது" என்று சொல்லி, வண்டிக்குப் போன் பண்ண வெளியே ஓடினார்.

கொடிமுத்துவுக்கு முகம் வெளுத்தது. "நானாடா சேரணும்?"

"வேற யாரு? நீதானே சாம்பிள்" என்றான் பேச்சியப்பன்.

மூவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு சங்கையா குனிந்தான்.

"ஓர் அடி நடக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஏறு முதுகுல."

ஏறினான். சங்கையா நொண்டி நொண்டி வாசலைத் தாண்டினான்.

"மெதுவாப் போடா" என்றான் மேலேயிருந்து கொடிமுத்து. "போகப்போறது என் காலு. உனக்கென்ன!"