கணவாய்க் காற்றின் கோப்பு

மலைமேல் ஒரு வானிலை ஆய்வு மையம் இருந்தது. குருகுலம் என்றால் குருகுலம்தான், தாடி மட்டும் யாருக்கும் கிடையாது. குரு, பேராசிரியை தெய்வநாயகி. சீடர் செல்வின், குருவைவிட வயதில் மூத்தவர். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக் களைத்தவர், முனைவர் பட்டம் வாங்காமல் ஓய்வு பெறுவதில்லை என்று கிளம்பி வந்துவிட்டார். அதனால் அவர் குருவை மேடம் என்பார், குரு அவரை சார் என்பார்.

மையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணவாய். கேரளத்துக் காற்றும் தமிழ்நாட்டுக் காற்றும் அதன் வழியாகத்தான் போய்வரும். அங்கே ஒரு கம்பம் நட்டுக் கருவிகளைக் கட்டி, மழை குளிர் பாராமல் அளந்து வந்தார் செல்வின். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு புயல் மலையைத் தாண்டியபோது கணவாய்க்குள் இருந்தது அவருடைய கருவி ஒன்றுதான். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்பதுதான் அவருடைய ஆய்வேடு. அது போனால் எல்லாமே போச்சு.

இப்போது அந்தப் புயலைப் பற்றி எல்லா மையங்களும் அளந்ததை ஒன்றாகச் சேர்க்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் கோப்பு பொது வடிவத்தில் வந்துசேர வேண்டும். பொது வடிவம் என்பது உலகத்து வானிலைக்காரர்கள் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடு. எந்த எண் எதைக் குறிக்கிறது, என்ன அலகு, எந்த ஊர் நேரம், கருவி ஓடாதபோது என்ன குறி, எல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும்.

செல்வினோ சொந்தமாக ஒரு வடிவம் வைத்திருந்தார். வெறும் எண்கள். தலைப்பு கிடையாது, அலகு கிடையாது. இடத்தை மிச்சம் பிடிக்க வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி, அதோடு ஐந்நூறைக் கூட்டி வைப்பார். கருவி நின்றுபோன நேரத்துக்கு 777 என்று போடுவார். அது அவருடைய மாமனாரின் பழைய அம்பாசடர் கார் எண். அதில் அவருக்குப் பெருமை வேறு.

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஊர்ச் சட்டை எதுக்கு மேடம்?" என்று கேட்டார். "புரியாதவங்க என்னைக் கேட்கட்டும்."

"சரி சார்," என்றார் தெய்வநாயகி. "அப்ப கோப்பு எங்க போனாலும் நீங்களும் கூடப் போய்ட்டு வாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் செல்வின் நினைத்தார். மறுநாள் காலையில் மேசைமேல் பஸ் டிக்கெட் இருந்தது.

முதல் ஊர் கடற்கரை மையம். அங்கே ரெஹானா என்ற ஆய்வாளர் அவரை ஓடிவந்து வரவேற்றார். கோப்பு மெயிலில் முன்னமே போயிருந்தது. ஸ்வெட்டருக்குள் ஆள் நடுங்கும் மார்கழி விடியலில், உங்கள் கணவாயில் மட்டும் திடீர் திடீரென்று வெப்பக்காற்று வீசுகிறது, அதுவும் ஒவ்வொரு தடவையும் மிகச் சரியாக 27.7 டிகிரி, உலகத்தில் யாருமே பார்த்ததில்லை என்றார். பாதிக் கட்டுரை எழுதியாகிவிட்டது. காற்றுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது.

செல்வின் தண்ணீர் வாங்கிக் குடித்தார். 777-இல் ஐந்நூறைக் கழித்துப் பத்தால் வகுத்தால் 27.7. கோப்பை அனுப்பியபோது போனில் ரெஹானாவுக்குப் பெருக்கலையும் கூட்டலையும் சொன்னவர், காரைச் சொல்ல மறந்திருந்தார். அது வெப்பக்காற்று இல்லை, என் மாமனாரின் வண்டி என்று சொல்லி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. ரெஹானா அவரோடு சாப்பிட வரவில்லை.

அடுத்து பெங்களூர். அங்கே மூன்று பேர், எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற ஒரே கேள்வியைத் தனித்தனியாக வந்து கேட்டார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு மலையேறி வந்தால், மேசைமேல் கவுகாத்திக்கு ரயில் டிக்கெட் காத்திருந்தது.

"போய்ட்டு வர்றதுக்குள்ள மாசமே முடிஞ்சிரும் மேடம். இந்தக் கோப்புக்கு நான் எத்தனை நாள் வாயா இருக்கிறது?"

தெய்வநாயகி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

செல்வின் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். பொது வடிவத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் பெயரும் அலகும் எழுதிக்கொண்டே வந்தவர் எட்டாவது வரிசையில் நின்றுவிட்டார். அது காற்றின் திசை. வானிலைக்காரர்கள் காற்று எங்கிருந்து வருகிறது என்று எழுதுவார்கள். இயற்பியல்காரரான செல்வின் ஆரம்பத்தில் எங்கே போகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். குருவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு மாற்றினார். மாற்றியது அந்தப் புயல் வாரத்தில்தான். புயலுக்கு முன்னாலா, பின்னாலா?

கோப்பில் இருந்தது எண் மட்டும். மற்ற நாட்களை வைத்து ஊகிக்கலாம் என்றால், அந்த வாரம் காற்றே நிலையில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. கேரளத்திலிருந்து வந்ததா, கேரளத்துக்குப் போனதா? பழைய மெயில்களைப் புரட்டினார். மனைவியைக் கேட்டார். அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனே பண்ணவில்லை என்பதுதான் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

எழுந்து குருவின் அறைக்குப் போனார்.

"மேடம், புயலன்னிக்கு எழுதினது காத்து வந்த திசையா, போன திசையான்னு தெரியலை."

"எழுதினவரையே கேளுங்க சார்."

"எழுதினது நான்தானே மேடம்."

தெய்வநாயகி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க இல்ல சார், ரெண்டு வருஷத்துக்கு முந்தின செல்வின். அவர் அப்பவே கிளம்பிட்டார். எந்தப் பக்கம் போனார்னும் எழுதி வைக்கலை."