சூரியகாந்திக் காட்டு விமானம்

உடுமலைப் பக்கம் மொட்டப்பாறைப் புதூர் என்று ஓர் ஊர். அங்கே யோசிக்காமல் யாரும் எதையும் செய்யமாட்டார்கள். யோசித்துச் செய்வதால்தான் எல்லாம் இப்படிக் கெட்டுப்போகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது பொறாமைப் பேச்சு.

அந்த ஊர் சென்னியப்பன் தன் காடு முழுக்கச் சூரியகாந்தி போட்டிருந்தார். விதை பால் பிடிக்கும் நேரம் பார்த்துக் கிளிகள் வந்து இறங்கின. அந்த விதை வீடு வந்து சேர்ந்தால்தான் அவருக்கு வருஷம் ஓடும்; இல்லாவிட்டால் மனுஷனுக்கும் மாட்டுக்கும் பட்டினிதான். தகரத்தைத் தட்டிப் பார்த்தார். பட்டாசு வெடித்துப் பார்த்தார். கிளிகள் அதைத் திருவிழா என்று எடுத்துக்கொண்டு சொந்தபந்தத்தையும் அழைத்துவந்தன.

பருந்து மாதிரி ஒன்று மேலே சுற்றினால் கிளி அண்டாது என்று யாரோ சொல்ல, சென்னியப்பன் தன் மச்சினன் நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய், ரிமோட்டில் பறக்கும் பொம்மை விமானம் ஒன்றை வாங்கிவந்தார். அதன் குட்டி எஞ்சினுக்குச் சாவி கிடையாது. தலையில் ஒரு பிளக் இருக்கும். டார்ச் லைட் போன்ற ஒரு ஸ்டார்ட்டரை அதில் மாட்டினால், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் பேட்டரி பிளக்கின் கம்பியைச் சிவக்கக் காய்ச்சும். அப்போது முன்விசிறியைச் சுற்றிவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

கடைக்காரர் தங்கமான மனுஷர். சோதித்துப் பார்க்க உபரியாக ஒரு பிளக்கும் கொடுத்து, பொறுமையாக விளக்கினார். ஃபுல் சார்ஜ் இல்லாமல் ஸ்டார்ட்டரைக் காட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. எடுத்துப் போகும் முன் பிளக் சிவக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அப்படியே போட்டுவைக்காமல் உடனே சார்ஜில் போட்டால் பேட்டரி நெடுநாள் உழைக்கும். இருவரும் பஸ்ஸில் வழிநெடுக அதை மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரைச் சார்ஜில் போட்டார்கள். காலையில் போட்டால் பொழுது சாயும்போதுதான் ஃபுல்லாகும். மறுநாள் விடிந்ததும் பிளக்கைப் பார்க்க வேண்டும். யார் பார்ப்பது? காடு சென்னியப்பனுடையது. ஓட்டப்போவது நாச்சிமுத்து. யோசனை சொல்வது சென்னியப்பனின் பங்காளி அண்ணன் திருமூர்த்தி; அவரைக் கேட்காமல் அந்த ஊரில் தோசையைக்கூடத் திருப்பிப் போடமாட்டார்கள். ஆகவே மூவரும் பார்த்தார்கள். பிளக் செக்கச்செவேல் என்று எரிந்தது. வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை என்று போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொருவராக இன்னொரு தடவை பார்த்தார்கள். எல்லோருக்கும் பரம திருப்தி.

நாச்சிமுத்து கிளம்பினான். திருமூர்த்தி கையை நீட்டித் தடுத்தார்.

“நில்லு மாப்ள. இப்ப இது ஃபுல்லா?”

“நேத்துச் சாயங்காலமே ஃபுல்லுங்க மாமா.”

“நேத்து என் சட்டிலயும் சோறு ஃபுல்லாத்தான் இருந்துது. நாம இத்தனை நேரம் பார்த்தமல்லோ, பார்த்த அளவுக்குக் குறைஞ்சிருக்கும். ஃபுல் இல்லாம எடுத்துட்டுப் போவக் கூடாதுன்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு.”

நியாயமான பேச்சு. திரும்பச் சார்ஜில் போட்டார்கள். அடுத்த நாள் ஃபுல்லாக இருந்தது. ஆனால் பிளக்கைப் பார்க்காமல் கொண்டுபோக முடியுமா? பார்த்தார்கள். பார்த்ததும் குறைந்துவிட்டது. குறைந்ததைக் கொண்டுபோக முடியுமா? சார்ஜில் போட்டார்கள். அடுத்த நாளும் இதே கதைதான். சாமர்த்தியமாக ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்கள். பாதிதான் குறையும் என்று கணக்கு. பாதி குறைந்தாலும் ஃபுல் இல்லையே என்று திருமூர்த்தி அதையும் தள்ளிவிட்டார்.

இதற்குள் கிளிகள் தெற்கு ஓரத்தை முடித்துவிட்டு நடுக்காட்டுக்குக் குடிவந்திருந்தன. சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மொட்டைத் தண்டுகளைப் பார்த்துப் பார்த்து அழுகையே வந்துவிட்டது அவருக்கு. அண்ணனிடம் போய் நின்றார்.

திருமூர்த்தி ஒரு பொழுது முழுக்க யோசித்து வழி கண்டுபிடித்தார். இன்னொரு ஸ்டார்ட்டர் வாங்குவது. இரண்டையும் ஃபுல்லாக்கி, ஒன்றைப் பார்ப்பது, மற்றதைக் கொண்டுபோவது.

“கொண்டுபோறதைப் பார்க்கவே இல்லையேங்க மாமா?” என்றான் நாச்சிமுத்து.

“ரெட்டைக் கன்னுல ஒண்ணு துள்ளுனா இன்னொண்ணு துள்ளாதா? ரெண்டும் ஒரே கடைல வாங்குனதுதான?”

அப்படியே செய்தார்கள். வண்டித்தடத்தில் விமானத்தை வைத்து, எண்ணெய் ஊற்றி, பார்க்காத ஸ்டார்ட்டரை மாட்டி விசிறியைச் சுற்றிவிட, எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்து அலறியது. சென்னியப்பன் காட்டைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார்.

ஸ்டார்ட்டரைக் கழற்றிய நாச்சிமுத்து அதை உற்றுப் பார்த்தான். ஸ்டார்ட்டரின் வேலை முடிந்துவிட்டது. வேலை முடிந்தால் உடனே சார்ஜ். கழுத்தில் ரிமோட் ஆட, மோட்டார் ரூமைப் பார்த்து ஓட்டம் பிடித்தான். சார்ஜ் ஏறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

விமானம் யாருக்காகக் காத்திருக்கும்? தானாக ஓடி, தானாக எழும்பி, சூரியகாந்தித் தலைகளை உரசிக்கொண்டு போனது. கிளிக்கூட்டம் கீச்சென்று கிளம்பி மலைப் பக்கம் பறந்தது. விமானமும் அதே பக்கம் போய்க் கண்ணுக்கு மறைந்தது.

மூவரும் திரும்பி வந்தபோது கிளியும் இல்லை, விமானமும் இல்லை. சென்னியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். திருமூர்த்தி தடத்தை ஆராய்ந்து, கிளிகள்தான் விமானத்தைக் கடத்திக்கொண்டு போய்விட்டன என்று தீர்ப்புச் சொன்னார்.

“அப்படின்னா இனி அதுங்க நம்ம விமானத்துலயே வந்து திங்குமே அண்ணா” என்றார் சென்னியப்பன்.

திருமூர்த்தி சிரித்தார். “எப்படி வரும்? எஞ்சினைக் கிளப்ப வேண்டாமா? ரெண்டு ஸ்டார்ட்டரும் நம்மகிட்டல்லோ இருக்குது.”

சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் கிளிகள் வந்தன. மூவரும் வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். எல்லாம் சிறகடித்துக்கொண்டுதான் வந்தன. விமானத்தில் ஒன்றுகூட வரவில்லை. திருமூர்த்தி மீசையைத் தடவிக்கொண்டார். நாச்சிமுத்து கைதட்டினான்.

கிளிகள் நடுக்காட்டில் இறங்கி ஆளுக்கொரு பூவில் உட்கார்ந்தன. தகரத்தை எடுக்கப்போன மச்சினனின் கையைப் பிடித்து நிறுத்தினார் சென்னியப்பன்.

“உடு மாப்ள. பாவம், மலைல இருந்து ரெக்கையடிச்சே வந்திருக்குதுங்க. களைப்புத் தீர நாலு வாய் தின்னுட்டுப் போவட்டும்.”