மைனா கேட்காத ஓடை

மைனாவும் குரங்கும் மயிலும் குளக்கரையில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தன. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் குடிக்க வருகிற ஒவ்வொரு பிராணியும், தான் பார்த்ததிலோ கேட்டதிலோ நல்லது ஒன்றை மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாதவர் கடைசியாகக் கலங்கல் தண்ணீரைத்தான் குடிக்கவேண்டும்!

"ஆத்து மணல்ல நண்டு எழுதி வச்சிருக்கே, படிச்சீங்களா?" என்றது குரங்கு. "ஒரு வரியாவது நேரா இருக்கணுமே! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப் போச்சு!"

"அது கிடக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் நான் ஆடப்போறேன். எல்லாரும் வந்து பாருங்க!" என்றது மயில். தினமும் அது இதையேதான் சொல்லும்.

ஆனால் எல்லாரும் காது கொடுத்துக் கேட்டது மைனா சொன்னதைத்தான். "கிழக்கே இலவங்காய் வெடிச்சுப் பஞ்சு பறக்குது, போய்ப் பாருங்க! சுனைப்பக்கம் மரங்கொத்தி தாளம் போடுது, போய்க் கேளுங்க!" என்று அது சொன்னால், மறுநாள் அங்கே கூட்டம் கூடிவிடும்.

ஆரம்பத்தில் மைனா எல்லாவற்றையும் தானே பறந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னது. பேர் வளர வளர, யோசனை கேட்டு வருகிறவர்களும் கூடிப்போனார்கள். சொல்வதற்கே நேரம் சரியாக இருந்தது. போய்ப் பார்க்க நேரம் ஏது? கிளி எதையாவது சொன்னால், அதில் கொஞ்சம் தேனைத் தடவித் தான் பார்த்ததாகவே சொல்லத் தொடங்கியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. மைனாவுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நாம் மட்டும் என்ன, பாதி படித்த கதையை முழுதும் படித்ததுபோலப் புகழ்ந்ததே இல்லையா?

ஒருநாள் முயல் மூச்சு வாங்க ஓடிவந்தது.

"மைனாக்கா! நீதான் முள்ளாண்டி அண்ணனைக் காப்பாத்தணும்!"

முள்ளாண்டி ஒரு முள்ளம்பன்றி. கோடையில் பற்றிய காட்டுத்தீ அதன் மனைவியைக் கொண்டுபோய்விட்டது. அன்று வளைக்குள் போய்ப் படுத்ததுதான். வெளியே வரவும் இல்லை, வாயில் ஒன்றும் வைக்கவும் இல்லை.

"எட்டு நாளா நான் கொண்டுபோற கிழங்கெல்லாம் அப்படியே கிடக்கு. இப்படியே போனா அண்ணன் செத்துப்போயிடும். மனசைத் தேத்துற மாதிரி ஏதாவது சொல்லேன்!"

மைனா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மேற்குப் பாறைக்கு அந்தாண்ட ஓர் ஓடை இருக்கு. கல்லுக்குக் கல் தாவிப் பாடிக்கிட்டே ஓடும். அதைக் கேட்டா எந்தத் துக்கமும் நிக்காது!"

"நீ கேட்டிருக்கியா அக்கா?"

"கேக்காமலா சொல்றேன்? ஒரு பகல் முழுக்க உக்காந்து கேட்டேன்!"

முயல் ஓடிப்போய்ச் சொன்னது. "மைனாக்காவே கேட்டதாம்!" என்றதும் முள்ளாண்டி மெல்லத் தலையைத் தூக்கியது. எட்டு நாளில் முதல் தடவையாக வெளியே வந்தது. பட்டினி கிடந்த உடம்பு, குட்டைக் கால்கள், கொதிக்கிற பாறை. நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்றுதான் அதனால் ஏற முடிந்தது. முயல் கூடவே போயிற்று.

பாறைக்கு அந்தப் பக்கம் கூழாங்கற்களும் காய்ந்த சருகும்தான் கிடந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முள்ளாண்டி காதை நிமிர்த்திக்கொண்டு வெகுநேரம் நின்றது.

"இங்க ஒரு சத்தமும் இல்லையே, தம்பி" என்றது.

திரும்பி வந்ததும் உள்ளிருந்தே மண்ணைத் தள்ளி வளையின் வாயை மூடிக்கொண்டது. "இனிமே எதையும் சொல்லி என்னைக் கூப்பிடாதீங்க!"

முயல் அழுதுகொண்டே குளக்கரைக்கு வந்தது. எல்லாருக்கும் முன்னால் மைனாவைப் பிடித்துக்கொண்டது.

"ஓடை காஞ்சு கிடக்கு! கேட்டேன்னு சொன்னியே!"

"கிளிதான்..." என்று மைனா இழுத்தது.

"எனக்குக் குரங்கு சொல்லிச்சு!" என்றது கிளி.

"நான் போனது போன மழைக்காலத்துல! அப்போ நல்லாத்தான் பாடிச்சு!" என்றது குரங்கு.

மைனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "வேற யார் மேலயும் தப்பில்லை. நான் கேக்கவே இல்லை. கேட்டேன்னு பொய் சொன்னேன்" என்றது. அன்று யாரும் சொல்லாமலே கடைசியாகப் போய்க் கலங்கல் தண்ணீரைக் குடித்தது.

மறுநாள் விடிந்ததும் அது வளையின் முன்னால் போய் உட்கார்ந்தது.

"அண்ணே, தப்பு என்னோடது. நான் இன்னிக்கு எதுவும் சொல்ல வரல. கேக்கத்தான் வந்தேன். உனக்கு என்ன பிடிக்கும்?"

மைனா அங்கிருந்து நகரவே இல்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது மண்ணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தூரத்துல இருக்கிறதெல்லாம் எனக்கு எதுக்கு? கிழங்கு தோண்டிக் களைச்சா, நானும் அவளும் தரையில காதை வச்சுப் படுத்துக்குவோம். அடியில ஏதாச்சும் ஊரும். அது என்னன்னு கண்டுபிடிச்சு விளையாடுவோம். அவதான் எப்பவும் ஜெயிப்பா."

மைனா பிறந்ததிலிருந்து மரக்கிளையில் இருந்து கேட்டதே தவிர, தரையைக் கேட்டதில்லை. அன்றிலிருந்து காடெங்கும் தலையைத் தரையில் சாய்த்துக்கொண்டு திரிந்தது.

"அடடா! மைனா மண்ணைத் தின்ன ஆரம்பிச்சிடுச்சு!" என்று மயில் கேலி செய்தது. மைனா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள், தீயில் கருகிய மரத்தடியில் இருந்த ஒரு கரையான் புற்றில் காதை வைத்தது. வைத்த காதை எடுக்க மனம் வரவில்லை.

நேரே வளைக்குப் பறந்தது.

"அண்ணே, பக்கத்துலயே ஒரு புத்து இருக்கு. சத்தம் ரொம்பச் சன்னம். முதல்ல ஒண்ணுமே கேக்காது. மூச்சை அடக்கிக் காத்திருக்கணும். எறும்பு வேற கடிக்கும், என்னைக் கடிச்சிடுச்சு. ஆனா நான் கேட்டேன் அண்ணே, நிஜமா கேட்டேன். உள்ள என்னமோ பெருசா நடக்குது. அது என்னன்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும்னு தோணிச்சு."

வளையின் வாயில் மண் அசைந்தது. ஒரு மூக்கு வெளியே வந்தது.

"எறும்பு எங்க கடிச்சுது?"

"கண்ணுக்குக் கீழ. வீங்கியிருக்கு, பாரு!"

முள்ளாண்டி உற்றுப் பார்த்தது. வீங்கித்தான் இருந்தது. அது வெளியே வந்து மைனாவுக்குப் பின்னால் நடந்தது.

புற்றின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. மைனாவும் மூச்சுவிடாமல் நின்றது. சட்டென்று முள்ளாண்டியின் முட்கள் எல்லாம் சிலிர்த்தன.

"றெக்கை!" என்று கத்தியது. "உள்ள அத்தனையும் றெக்கை உரசுற சத்தம்! ஈசல் கிளம்பப் போகுது. மழை வருது மைனா, மழை வருது!"

ஈசல் என்றதும் மைனாவுக்கு வாய் ஊறியது. அடக்கிக்கொண்டது.

"நான் கண்டுபிடிச்சிட்டேன்னு அவகிட்ட சொல்ல முடியலையே!" என்று முள்ளாண்டி அழுதது. தீக்குப் பிறகு அது அழுதது அப்போதுதான். மைனா ஆறுதல் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அழுது முடித்து முள்ளாண்டி மறுபடியும் புற்றில் காதை வைத்தது. அதன் முகம் மெல்லத் தெளிந்தது.

"மைனா, முயலைக் கூட்டிட்டு வா. இதை அவன் கேக்கணும்! குதிச்சு வந்தா எல்லாம் அடங்கிடும், அதனால மெதுவா நடந்து வரச்சொல்லு. அப்புறம்..." என்று கொஞ்சம் வெட்கத்தோடு நிறுத்தியது. "வரும்போது கிழங்கு இருந்தா எடுத்துட்டு வரச்சொல்லு. பசிக்குது!"

நாமே கண்டு கேட்டு மகிழ்ந்ததை, எதிரில் இருப்பவர் மனம் அறிந்து, உள்ளது உள்ளபடி சொல்வதே ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய நல்ல சிபாரிசு.