கட்டியைக் கூவிச் சொன்ன காகம்

காட்டோரப் புங்கமரத்தில் ஒரு காகம் தன் மனைவி அஞ்சனத்தோடு வாழ்ந்துவந்தது. அந்த மடக் காகம் நான்தான்.

ஒருநாள் அஞ்சனத்தின் சிறகடியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மரங்கொத்தி வைத்தியரிடம் காட்டினோம்.

"புற்றுதான். ஆனால் சின்னது. ஏழு நாளுக்குள் வந்தால் கொத்தி எடுத்துவிடுவேன். தள்ளிப்போட்டால் என்னால் ஆகாது!" என்றார் அவர்.

"யாரிடமும் சொல்லாதீங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அஞ்சனம்.

சரி என்று தலையாட்டினேன். ஆனால், எதைக் கண்டாலும் உச்சிக்கிளை ஏறி இனத்தைக் கூப்பிடுவது எங்கள் குல வழக்கம். செத்த எலியைக் கண்டால் கூப்பிடுவோம். நான் கட்டியைக் கண்டும் கூப்பிட்டுவிட்டேன்!

"கா! கா! என் மனைவிக்குப் புற்று! நாங்கள் கலங்கமாட்டோம்!"

நொடியில் மரமே கறுத்துப்போனது.

"அஞ்சனம் ஒரு வீராங்கனை!"

"வேப்பம்பிசின் கொடுங்க மாமா! ஒரே வாரத்தில் கரையும்!"

"கண்ட எச்சிலையும் தின்றிருப்பாள், அதுதான்!"

"என் சித்தி மகளுக்கும் இதேதான். பத்தே நாளில் போய்விட்டாள். நீங்க தைரியமா இருங்க அண்ணே!"

"மரங்கொத்தியிடம் மட்டும் போகாதீங்க! அலகு பட்டால் உடம்பெல்லாம் பரவும்!"

"நீ பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"பார்த்தவர் சொன்னதைக் கேட்டவர் சொன்னார்!"

சிலர் செய்தியை வேறு மரங்களுக்கும் கொண்டுபோனார்கள். நாலாவது மரத்தில் அஞ்சனத்துக்கு இரங்கல் கூட்டமே நடந்ததாம்.

நானோ ஒவ்வொருவருக்கும் பதில் கரைந்தேன். "நன்றி தம்பி! நன்றி அக்கா!" நடுநடுவே தலைகளை எண்ணினேன். நூற்றுப் பதினேழு! ஆலமரத்துக் காகத்தின் மாமனார் இறந்தபோதுகூட எழுபதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

கீழ்க்கிளையில் அஞ்சனம், நான் கொடுத்த வேப்பம்பிசினை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இப்படியே ஐந்து நாள் போயிற்று.

ஆறாம் நாள் காலை அவள் கேட்டாள்: "வைத்தியரிடம் போகலாமா?"

"பொறு. பலபேர் வேண்டாம் என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கிறேன்."

"கட்டி எனக்கா, அவங்களுக்கா?"

"உனக்காகத்தானே தொண்டை கிழியக் கத்துகிறேன்!"

"எனக்கு வலிக்குதான்னு ஒருதடவையாவது கேட்டீங்களா?"

நூற்றுப் பதினேழு பேருக்குப் பதில் சொல்வதை அத்தோடு விட்டுவிட்டு, "வா, வைத்தியரிடம் போகலாம்" என்றேன்.

அவளால் தனியாகப் பறக்க முடியவில்லை. "யாராவது இருவர் துணைக்கு வாருங்கள்!" என்று கூவினேன். ஒரு சிறகும் அசையவில்லை. கிழக்கே ஒரு மயிலுக்குக் கால் ஒடிந்ததாம்; எல்லாரும் அங்கே கரையப் போய்விட்டார்கள்!

நாங்கள் இருவரும் கிளைகிளையாகத் தத்தினோம். ஏழாம் நாள் மதியம்தான் போய்ச் சேர்ந்தோம்.

"இத்தனை நாள் என்ன செய்தாய்?" என்றார் மரங்கொத்தி.

"கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன் ஐயா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொத்தத் தொடங்கினார். அஞ்சனம் என் சிறகை இறுகக் கவ்விக்கொண்டாள். மூன்று இறகு பிய்ந்தது. நான் 'கா' என்றுகூடச் சொல்லவில்லை.

அதன்பின் அவள் ஒன்பது மழைக்காலம் என்னோடு இருந்தாள்.

நோயாளியைப் பற்றி ஊரெல்லாம் கேட்பதற்கு முன், அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேள்.