அருமைநாயகத்துக்குக் கொடுத்த கடிதம்

தாண்டவமூர்த்தி, ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையான லாட்ஜுக்கு மாஸ்டராக, அதாவது தலைவராகப் பொறுப்பேற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது.

உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். மாதக் கூட்டத்துக்கு, வெளியூர் லாட்ஜுகளிலிருந்து வரும் விருந்தினர்களையும் சேர்த்து, இருபது பேர் தேறினால் அதிகம். அவரும் செய்யாததில்லை. சாப்பாட்டில் பிரியாணி சேர்த்துப் பார்த்தார். வாட்ஸ்அப்பில் காலையும் மாலையும் செய்தி அனுப்பினார். ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் "கண்டிப்பா வரேன் பிரதர்" என்று சொல்லிவிட்டு வரவில்லை.

கடைசியில் அவர் இலியாஸைத் தேடிப் போனார்.

இலியாஸ் கால்நடை மருத்துவர். வயது நாற்பத்தாறு. தாண்டவமூர்த்திக்கு அறுபது. ஆனாலும் அவரை லாட்ஜுக்குள் கூட்டி வந்து, அங்கே நிற்கவும் நடக்கவும் பேசவும் பழக்கியவர் இலியாஸ்தான். அந்தக் கணக்கில் இளையவர் குரு, மூத்தவர் சீடன். இரண்டு பேருமே அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

கிளினிக்கில் இலியாஸ் ஒரு நாயின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"டாக்டர், ஆளுங்களை எப்படித்தான் வரவைக்கிறது?"

"நீங்க என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

தாண்டவமூர்த்தி பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். இருபத்திரண்டு கடிதங்கள். ஒரு வருடமாகக் கூட்டத்துக்கு வராத உங்கள் பெயரை ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டு, ஆங்கிலத்தில், லாட்ஜின் முத்திரையோடு.

"வருகை ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதினீங்களா அண்ணே?"

"ரிஜிஸ்டர் எதுக்கு டாக்டர்? யார் வரா, யார் வரலன்னு எனக்குத் தெரியாதா? மெம்பர் பட்டியலை வெச்சு உக்காந்த இடத்துலயே எழுதிட்டேன்."

இலியாஸ் கை கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றில் நின்றார். அதை உருவி மேலே வைத்தார்.

"தபால்ல போடாதீங்க. நேர்ல கொடுங்க. முதல்ல இவருக்குக் கொடுப்போம். நானும் கூட வரேன்."

உறையின்மேல் அருமைநாயகம் என்று இருந்தது. எக்ஸ்ரே டெக்னீஷியன், மில் காலனி. தாண்டவமூர்த்திக்கு அந்தப் பெயரைப் பார்த்து எந்த முகமும் நினைவுக்கு வரவில்லை. வராத ஆளின் முகம் எப்படி நினைவிருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் போனார்கள். மாடி வீடு. கைலியோடு கதவைத் திறந்தவர் இவர்களைப் பார்த்ததும் பதறிப்போனார். "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே ஓடி, பேன்ட் மாட்டி, இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வந்தார். அவர் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலி வாங்கி வந்து போட்டாள்.

"ஆறு வருஷத்துல லாட்ஜ்லேர்ந்து வீட்டுக்கு வர்றது இதான் சார் முதல் தடவை," என்றார் அருமைநாயகம். முகமெல்லாம் சிரிப்பு.

டீ வந்தது. டீயைக் குடித்துவிட்டால் சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வராது என்று தாண்டவமூர்த்திக்குத் தோன்றியது. தம்ளரைத் தொடாமல் உறையை நீட்டினார்.

"இதைப் படிங்க பிரதர்."

அருமைநாயகம் உதடு அசைய மெதுவாகப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். சிரிப்பு எப்போது போனதென்று தெரியவில்லை.

"இது எனக்கா சார்?"

"உங்க பேர்தானே?"

"பேர் என் பேர்தான். ஆனா வரலன்னு போட்டிருக்கே."

"வந்தீங்களா?"

"நான் ஒரு மாசம்கூட விட்டதில்ல சார். கூட்டம் நடக்குற ரெண்டாவது சனிக்கிழமை டூட்டி போட்டா வேற ஆளை மாத்தி விட்டுட்டு வந்துடுவேன்."

தாண்டவமூர்த்தி இலேசாகச் சிரித்தார். இப்படிச் சொல்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். "எங்க உக்காருவீங்க?"

"கடைசி வரிசையில, சுவரோரமா, தூணுக்குப் பக்கத்து நாற்காலி."

அந்த நாற்காலியில் யாரோ ஒருவர் உட்கார்வது தாண்டவமூர்த்திக்குத் தெரியும். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை. வெளியூர் விருந்தினர் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இலியாஸைத் திரும்பிப் பார்த்தார். இலியாஸ் டீத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவரைச் சங்கடத்தில் மாட்டிவிட்டோமே என்பதுபோல அருமைநாயகம் அவசரமாகச் சொன்னார். "உங்களுக்கு நினைப்பிருக்காது சார். போன மாசம் சாப்பிடும்போது தண்ணி கேட்டீங்களே, நான்தான் ஜக்கைக் கொண்டாந்து வெச்சேன்."

தாண்டவமூர்த்திக்கு நினைப்பு வந்தது. ஜக்கு, அதைப் பிடித்திருந்த கை, கோட்டைக் கழற்றிய வெள்ளைச் சட்டை. 'தண்ணிக்கு எவ்வளவு நேரம்ப்பா' என்று விரலைச் சொடுக்கிக் கேட்டது தன் குரல். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் உங்களைச் சமையல் காண்ட்ராக்டர் ஆளுன்னு..."

பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். நிலைப்படியில் நின்றிருந்த அந்தப் பெண் கணவனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் இந்த விஷயம் இதுவரை வேறு மாதிரி சொல்லப்பட்டிருக்கும் என்று தாண்டவமூர்த்திக்குப் புரிந்தது. மாஸ்டர் என்கிட்ட உரிமையா தண்ணி கேட்டாரு என்று.

"பரவாயில்ல சார்," என்றார் அருமைநாயகம். டீத் தம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "நான் சேர்ந்தன்னைக்கு எனக்கு ஏப்ரன் கட்டிவிட்டதே நீங்கதான் சார். அப்ப நீங்க சீனியர் வார்டன்" என்றார்.

தாண்டவமூர்த்தி கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆமாம், அந்த வருடம் மாஸ்டருக்கு அடுத்த பதவியான சீனியர் வார்டன் அவர்தான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவர்தான் இடுப்பில் வெள்ளைத் தோல் ஏப்ரனைக் கட்டிவிட வேண்டும். நாடா முடிந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. சடங்கு வசனத்தை வாய் தவறாமல் ஒப்பித்ததும், அதற்காகப் பிறகு எல்லோரும் கைகொடுத்துப் பாராட்டியதும்கூட நினைவுக்கு வந்தன. முகம் மட்டும் வரவில்லை. இரண்டடி தள்ளி எதிரிலேயே உட்கார்ந்திருந்த அந்த முகத்தை எடுத்து அங்கே பொருத்திப் பார்த்தார். அப்போதும் பொருந்தவில்லை.

"அதைக் கொடுத்துடுங்க," என்றார். கையை நீட்டினார்.

அருமைநாயகம் கடிதத்தை மடிப்புக் கலையாமல் உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தார்.

"அப்ப அடுத்த கூட்டத்துக்கு நான் வரலாமா சார்?"

தாண்டவமூர்த்தி தலையை மட்டும் ஆட்டினார்.

கிளம்பும்போது இலியாஸ் அருமைநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க பிரதர். நீங்க மாசாமாசம் வர்றவர்னு தெரிஞ்சேதான் நான் இவரைக் கூட்டிட்டு வந்தேன்."

அருமைநாயகம் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு மெல்லக் கையை உருவிக்கொண்டார்.

காருக்குள் வந்து உட்கார்ந்தும் தாண்டவமூர்த்தி வண்டியைக் கிளப்பவில்லை.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அவருக்கு அடுத்த நாற்காலி நான்."

"கிளினிக்லயே சொல்லியிருக்கலாமே டாக்டர். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அந்தப் பாவம் என்னுது. நான்தான் அதுக்குப் பதில் சொல்லணும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்த ஒரு கடிதத்தைக் கிழிச்சிருப்பீங்க. மத்தது இருபத்தொண்ணும் தபாலுக்குப் போயிருக்கும்."

எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முழுதும் எடுத்து முடித்து உள்ளே போகும்வரை தாண்டவமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஒத்துக்கறேன். இவர் வந்தும் என் கண்ணுக்குத் தெரியல. ஆனா மத்தவங்க நெசமாவே வரலையே டாக்டர். அவங்களுக்கு என்ன வழி?"

இலியாஸ் அவர் மடியிலிருந்த உறையைப் பார்த்தபடி சொன்னார்.

"அவங்களும் இவர் மாதிரி வந்துக்கிட்டு இருந்தவங்கதான் அண்ணே."