நெய்யை விழுங்கிய எண்ணெய்

மந்திமேட்டுக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் உள்ள கஷ்டமே அதுதான்.

அந்த ஊரில் ஒரு தை மாதக் கல்யாணம். சமையலுக்கு வெளியூரிலிருந்து ஆவுடையப்பன் அண்ணாச்சி வந்திருந்தார். கைக்கு உதவியாகத் தளவாய், கொம்பையா, உச்சிமாகாளி என்று உள்ளூர் ஆட்கள் மூவர். மைசூர்பாகுக்குக் கடலைமாவு போதவில்லை. அரைத்து வர மில்லுக்குக் கிளம்பிய அண்ணாச்சி, மூவரையும் நிற்கவைத்துச் சொன்னார்:

"நெய்யையும் கடலெண்ணெயையும் சரிபாதியா உருளியில போட்டு லேசாச் சூடு காட்டுங்கடே. ரெண்டுக்கும் நீங்கதான் பொறுப்பு. நான் எப்பக் கேட்டாலும் ரெண்டும் இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் இனி என் அடுப்புப் பக்கம் வரப்படாது."

அடுப்புப் பக்கம் வராவிட்டால் கல்யாணச் சாப்பாடு கிடையாது.

குளிரில் நெய் கெட்டியாக உறைந்திருந்தது. கரண்டியால் பெயர்த்து எண்ணெயில் போட்டுத் தீயை மூட்டினார்கள். வெள்ளைக் கட்டிகள் கொஞ்ச நேரம் கிடந்தன, சிறுத்தன, பிறகு காணவில்லை. தனியாக இருந்திருந்தால் நெய் இன்னும் சற்றுத் தாக்குப்பிடித்திருக்கும். சேர்க்கை சரியில்லை.

"ஏல, நெய் எங்க?" என்றான் தளவாய்.

"எண்ணெய் முழுங்கிட்டு," என்றான் கொம்பையா.

உச்சிமாகாளி நியாயஸ்தன். "சும்மா பழி போடக்கூடாதுடே. சாட்சி வேணும்."

"வயித்தைப் பாரு. ஊத்தும்போது பாதி உருளிதான் இருந்துச்சு. இப்ப எப்படி ஏறியிருக்கு?" என்றான் கொம்பையா.

தளவாய் குனிந்து முகர்ந்தான். "வாயில நெய் மணக்குடே."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? குற்றம் ருசுவாகிவிட்டது. கக்கவைப்பதுதான் பாக்கி.

"எங்க மச்சினன் கோழி திருடினப்ப, பச்சத்தண்ணியில ஒக்காத்தி வச்சோம். எல்லாத்தையும் கக்கிட்டான்," என்றான் கொம்பையா.

உருளியைத் தூக்கிக் கிணற்றடித் தொட்டித் தண்ணீரில் வைத்தார்கள். தை மாதத் தண்ணீர், விரலை வைத்தால் விறைக்கும். எண்ணெய் கலங்கியது, குழைந்தது, கடைசியில் உருளி முழுக்க வெளுப்பாக உறைந்து நின்றது.

"நெய் வந்துட்டு," என்று சந்தோஷப்பட்ட தளவாய் உருளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "எண்ணெய் எங்கலே?"

மூவரும் உருளிக்கு அடியிலும் தொட்டிக்குள்ளும் தேடினார்கள்.

"பழிக்குப் பழி வாங்கிட்டு," என்றான் உச்சிமாகாளி வருத்தத்தோடு. "நெய்ய நான் சாதுன்னுல்லா நெனச்சேன்."

மறுபடி அடுப்பில் வைத்தார்கள், நெய் போயிற்று. தொட்டியில் வைத்தார்கள், எண்ணெய் போயிற்று. ஒரே அடுக்களையில் மாமியாரும் மருமகளும் போல ஒன்று இருந்தால் ஒன்று இல்லை. அண்ணாச்சி வருகிற நேரமாகிவிட்டது. கடைசியில் உச்சிமாகாளிக்கு மூளை வேலை செய்தது. பாதியை வாணலியில் ஊற்றி அடுப்பில் ஏற்றினான், மீதியை உருளியோடு தொட்டியில் இறக்கினான். அடுப்பில் எண்ணெய், தொட்டியில் நெய். இப்படி ஒரு மூளையை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணாச்சி வந்து பார்த்தார். "இன்னும் கலக்கவே இல்லையாடே?" என்று தலையில் அடித்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக ஊற்றினார். மூவரின் கண்முன்னாலேயே நெய் மறைந்தது. பிறகு மாவு போயிற்று, சர்க்கரைப் பாகும் போயிற்று. தாம்பாளத்தில் மைசூர்பாகு மட்டும் மிச்சம்.

"எல்லாத்தையும் முழுங்கிட்டு அசையாமக் கெடக்கு பாரு," என்றான் தளவாய்.

"பரவால்ல, உள்ளதான் இருக்கு. கண்ணை மட்டும் எடுக்காதீங்க," என்றான் உச்சிமாகாளி.

எடுக்கவில்லை. பந்தியில் அது மாப்பிள்ளையின் இலைக்குப் போனதையும், மாமியார் மறுபடி மறுபடி வைத்ததையும், மாப்பிள்ளை ஒரு தடவைகூட வேண்டாமென்று சொல்லாததையும் மூவரும் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டிலிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். "ஏல, கடைசிப் பந்திக்குப் பருப்புக்கு நெய் கொண்டாங்கடே."

கேட்டுவிட்டார். கேட்டால் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளையைக் காணோமென்று பெண்வீட்டார் தேடிப் போனபோது, அவர் கிணற்றடித் தொட்டியில் பட்டுவேட்டியோடு மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலித் தூக்குவாளியும் கையுமாக மூவர். மாமனார் பதறிப்போய் ஓடி வந்தார்.

"சத்தம் போடாதீங்க மாமா," என்றான் உச்சிமாகாளி. "இப்பதான் வெறைக்க ஆரம்பிச்சிருக்காரு. செத்த நேரத்துல நெய் உறைஞ்சிரும்."

மாப்பிள்ளையும் மந்திமேட்டுக்காரர்தான். பல் கிடுகிடுக்க அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"நெய்ய எடுக்கும்போது, காலையில நான் தெரியாமத் தின்ன வாழைப்பழத்தையும் எடுத்துத் தந்துருங்க. அது எங்க வீட்டுத் தாம்பூலத்துப் பழம்."